சாயங்கால இங்கிலீஷ் டீச்சர்: சென்னையிலிருந்து வெளிநாட்டு டியூஷன் சென்டர்களுக்குப் போக நினைப்பவர்களின் கேள்விகள்

அம்பத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தகரக் கொட்டகைக்குக் கீழே பதினோரு பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து 2017-ல் வியட்நாமின் ஹனோய், 2019-ல் ஜப்பானின் சைதாமா, 2023-ல் மறுபடி அதே மொட்டை மாடி. வெளியூரில் செய்ததும் இதே வேலைதான்: ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது. அக்கம்பக்கத்தார், தெரிந்தவரின் மகள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்று ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது ஸ்கூல் டீச்சர் வேலையா, வேறயா?

வேறு. நம்ம ஊர் டியூஷன் சென்டர் என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஏ.சி.யும் யூனிஃபார்ம் டி-ஷர்ட்டும் கூடுதல். கொரியாவில் ஹாக்வான், தைவானில் பூஷிபான், ஜப்பானில் ஜுகு, பேச்சு ஆங்கிலத்துக்கு என்றால் எய்கைவா. ஜப்பானில் காக்குடோ என்றும் ஒன்று உண்டு. அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளை ஸ்கூல் விட்டதிலிருந்து ராத்திரி 7 மணி வரை பார்த்துக்கொள்ளும் இடம் அது. அதை இங்கிலீஷிலேயே நடத்தும் தனியார் காக்குடோக்களில் ஒன்றில்தான் நான் இருந்தேன்.

சியோலில் ராத்திரி 10 மணிக்கு மேல் ஹாக்வான் நடத்தக் கூடாது என்று சட்டம் போட வேண்டியிருந்தது. நாம்தான் டியூஷன் பைத்தியம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தால் அது தப்பு.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு எந்த நாடு விசா கொடுக்கும்?

எல்லாரும் கடைசியில் கேட்கும் கேள்வி இது. முதலில் கேட்க வேண்டியதும் இதுதான். நாட்டை இன்ஸ்டாகிராமில் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, கோர்ஸுக்குப் பணம் கட்டி, அதற்கப்புறம் விசா விதியைப் படிக்கிறார்கள்.

கொரியா: ஹாக்வானில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வேண்டியது இ-2 விசா. அது அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுக் குடிமக்களுக்கு. உங்கள் இங்கிலீஷ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாஸ்போர்ட்டின் அட்டையைத்தான் பார்ப்பார்கள். 2010-ல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய வர்த்தக ஒப்பந்தத்தில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு: ஆசிரியர் தகுதிச் சான்று உள்ள இந்தியர்கள் அரசுப் பள்ளிகளில் உதவி ஆங்கில ஆசிரியராகப் போகலாம். ஹாக்வானுக்கு அது செல்லாது. அந்த ஜன்னல் வழியாகப் போன ஒருவரைக்கூட நான் இதுவரை சந்தித்ததில்லை.

சீனா: 2021 ஜூலையில் பள்ளிப் பிள்ளைகளின் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று ஒரு உத்தரவு வந்தது. லாபத்துக்கு நடந்த டியூஷன் தொழில் ஒரே மாதத்தில் படுத்துவிட்டது. அதற்கு முன்பே நம்மவர்கள் பலர் அங்கே சரியான விசா இல்லாமல்தான் வேலை பார்த்தார்கள். இப்போது அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வியட்நாம்: கதவு திறந்திருக்கிறது. டிகிரி, ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சிச் சான்று, மொழித் தேர்ச்சிச் சான்று, போலீஸ் சான்று, மெடிக்கல் எல்லாம் இருந்தால் ஒர்க் பெர்மிட் வாங்கலாம். ஹனோய், ஹோசிமின் நகரைவிட ஹாய் ஃபோங் மாதிரி இரண்டாம் வரிசை ஊர்களில் நமக்கு வரவேற்பு அதிகம்.

தாய்லாந்து: நான்-இமிக்ரன்ட் பி விசா, அதன் பிறகு ஒர்க் பெர்மிட். ஸ்கூலில் வேலை என்றால் குருசபா என்ற அமைப்பின் அனுமதியும் வேண்டும். நம்ம குரு, சபை இரண்டும் சேர்ந்த அதே சொல்தான். தனியார் மொழிப்பயிற்சி மையத்துக்கு அது தேவையில்லை.

ஜப்பான்: பாஸ்போர்ட் எந்த நாடு என்பதைவிட டிகிரி உண்டா, ஒரு நிறுவனம் உங்களை எடுக்கத் தயாரா என்பதுதான் பேச்சு. ஸ்கூலுக்குள் போய்க் கற்பிக்கும் விசா வகைக்கு 12 வருடம் ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும். தனியார் சென்டர்கள் வேறு விசா வகையில் எடுத்தாலும் பெரும்பாலும் இதையே கேட்கின்றன. நம்ம ஊர் டி.சி.யில் பயிற்றுமொழி என்று ஒரு வரி இருக்கும். அதை எடுத்துப் பாருங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் கதவு இடிக்கும். எனக்கு இதில் கோபம் உண்டு, ஆனால் விதி அப்படி.

சிங்கப்பூர்: 2025 ஜனவரி முதல் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 5,600 வெள்ளி. புதிதாக வருகிற டியூஷன் டீச்சருக்கு யாரும் அதைக் கொடுக்க மாட்டார்கள்.

துபாய் பக்கம் ஏற்கெனவே கணவருடனோ மனைவியுடனோ குடியிருப்பவர்களுக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி: 2023 டிசம்பரில் அமீரகம் தனியாக டியூஷன் எடுக்க அனுமதி அட்டை கொண்டுவந்தது. அதுவரை வீட்டு டியூஷன் என்பது அங்கே திருட்டுத்தனமாக நடந்த விஷயம்.

என் ஆக்சென்ட் தமிழ் ஆக்சென்ட். பிள்ளைங்க சிரிக்க மாட்டாங்களா?

பிள்ளைகள் சிரிக்க மாட்டார்கள். டெமோ கிளாஸில் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா ஒருவர் புருவத்தைத் தூக்குவார், அவ்வளவுதான்.

சைதாமாவில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பேஸ்பால் பைத்தியம். ‘ஸ்ட்ரைக்’ என்பதை ‘சு-தொ-ரா-இ-கு’ என்பான். விரலை மடக்கி எண்ணச் சொன்னேன். ஐந்து விரலும் தீர்ந்தது. இங்கிலீஷில் அது ஒரே விரல். ஜப்பானியில் ‘ன்’ தவிர வேறு மெய்யில் சொல் முடியாது, அதனால் பின்னால் ஓர் உயிரெழுத்து ஒட்டிக்கொள்ளும்: பஸ் அவர்களுக்கு ‘பஸு’, பென்ச் ‘பென்ச்சி’. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஆயா ‘பஸ்ஸு வந்துச்சா’ என்றுதான் கேட்பார். நானும் பத்தாவது வரை ‘பென்ச்சு’ என்றுதான் சொன்னேன். அந்தப் பையனிடம் “எங்க பாட்டியும் உன்னை மாதிரிதான்” என்று சொன்னதும் அவனுக்கு வந்த சந்தோஷம்! அதன் பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் “உங்க பாட்டி இதை எப்படிச் சொல்வாங்க?” என்பதுதான் விளையாட்டு.

ஹனோயில் இதற்கு நேர் எதிர். அங்கே ‘நைஸ்’, ‘நைன்’, ‘நைட்’ மூன்றும் ‘நை’ என்றே காதில் விழும். நாம் வாலைச் சேர்க்கிறோம், அவர்கள் வாலை நறுக்குகிறார்கள். இங்கிலீஷைத் தாய்ப்பாலோடு குடித்த டீச்சருக்கு இது தப்பு என்று தெரியும். தப்பு எந்த இடத்தில் பிறக்கிறது என்று உடனே பிடிபடாது. நாம் அதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவர்கள்.

அதற்காக ஆக்சென்ட் பற்றிக் கவலையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நாம் சரிசெய்ய வேண்டியவை சில உண்டு: ‘ஸ்கூல்’ என்பதற்கு முன்னால் ‘இ’ போடுவது, ‘வெஸ்ட்’டின் W-வும் ‘வெட்’டின் V-யும் ஒரே ஒலியாக வருவது, ‘ட’வை நாக்கை மடித்து அழுத்துவது. போனில் உங்கள் குரலைப் பதிவு செய்து கேளுங்கள். முதல் நாள் வயிற்றைக் கலக்கும், பழகிவிடும்.

பி.எட். கட்டாயமா? என்ன சர்ட்டிஃபிகேட் எடுக்கணும்?

டியூஷன் சென்டருக்குப் பி.எட். கட்டாயமில்லை. ஏதாவது ஒரு டிகிரி வேண்டும். டெஃபல் என்று 120 மணி நேர ஆன்லைன் கோர்ஸ்கள் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். வியட்நாம், தாய்லாந்துக் காகித வேலைக்கு அது போதும். உண்மையிலேயே கற்றுக்கொள்ள வேண்டுமானால் கேம்பிரிட்ஜின் செல்டா என்ற பயிற்சி. அதில் நிஜ மாணவர்களுக்கு முன்னால் 6 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும், பின்னால் ஒருவர் உட்கார்ந்து குறிப்பெழுதுவார். செலவு லட்சத்தைத் தொடும். முதல் வேலைக்கே அதில் இறங்க வேண்டாம்.

மொழித் தேர்ச்சிக்கு எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் மதிப்பெண் 2 வருடம்தான் செல்லும். வேலை கையில் வரும்போது எழுதுங்கள்.

ஜப்பானுக்கு என்றால் அமைந்தகரைப் பக்கம் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் என்ற மையத்தில் ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்துவிடுங்கள். வேலைக்கு அவர்கள் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து அம்மாவுக்குப் போன் பண்ணும்போது நீங்களே கேட்பீர்கள், ஏன் படிக்கவில்லை என்று.

அப்போஸ்டில் எங்க பண்றது? ஏஜென்சி 12,000 கேக்கறாங்க.

அப்போஸ்டில் என்பது உங்கள் டிகிரி போலி இல்லை என்று வெளியுறவுத் துறை ஒட்டும் ஸ்டிக்கர். அதற்கு அரசுக் கட்டணம் ஒரு சான்றிதழுக்கு 50 ரூபாய். அதற்கு முன்னால் மாநில அரசின் சான்றொப்பம் வாங்க வேண்டும். மீதி நடக்கிற நடைக்கும் நிற்கிற வரிசைக்கும் ஏஜென்சி வாங்கும் கூலி. அலைய நேரமில்லாதவர்கள் கொடுக்கட்டும், ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கட்டும். ப்ரொவிஷனல் சான்றிதழை வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். கான்வொகேஷன் சான்றிதழ்தான் வேண்டும். நிறையப் பேருடையது இன்னும் காலேஜ் ஆபீஸ் பீரோவில்தான் கிடக்கிறது.

போலீஸ் சான்றுக்கு பாஸ்போர்ட் சேவை தளத்தில் விண்ணப்பித்து 500 ரூபாய் கட்டி, சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் மூன்றில் ஒன்றுக்குப் போகலாம். இதையும் சீக்கிரமே எடுத்து வைக்காதீர்கள், பழையது என்று திருப்பி அனுப்புவார்கள்.

டிகிரில இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேரு. பிரச்சினை வருமா?

வரும். தமிழர்களுக்கென்றே கடவுள் படைத்த பிரச்சினை இது. டிகிரியில் முன்னால் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விரிந்து அப்பாவின் முழுப் பெயர். அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு இது இரண்டு ஆள். நோட்டரியிடம் ‘இருவரும் ஒருவரே’ என்று பிரமாணப் பத்திரம் எடுத்து, டிகிரியோடு சேர்த்தே அனுப்புங்கள். கேட்கும்வரை காத்திருந்தால் ஒரு மாதம் போய்விடும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருப்பவர்கள் இன்னும் கவனம். 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று சொன்னபோது ஏர்போர்ட்டில் எத்தனை பேர் தவித்தார்கள்.

ஜப்பானில் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதனால் மூன்றரை வருடம் நான் ‘முருகேசன் சென்செய்’, அதாவது முருகேசன் டீச்சர். வீடியோ காலில் பிள்ளைகள் அப்படிக் கத்துவதைக் கேட்டு அப்பா, “யாரும்மா என்னைக் கூப்பிடறது?” என்றார்.

ஏஜென்ட் நல்லவரா கெட்டவரான்னு எப்படித் தெரியும்?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப மத்திய அரசின் பதிவு வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், ஆக 35,400. இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசே நடத்தும் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் 1978 முதல் சென்னையில் இருக்கிறது. அங்கே போய் விசாரிக்கக் காசு இல்லை.

இன்னொன்று. பாங்காக்கில் வேலை, இன்டர்வியூ பத்து நிமிஷம், டிக்கெட் அவர்களே போடுகிறார்கள் என்றால் பயப்படுங்கள். 2022-ல் தாய்லாந்து வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். அடி வாங்கித்தான் திரும்பினார்கள். உண்மையான சென்டர் உங்களை வீடியோவில் டெமோ கிளாஸ் எடுக்கச் சொல்லும். பிள்ளைகள் முன்னால் நிற்கத் தெரியுமா என்று பார்க்காமல் டீச்சர் வேலை கொடுக்கிறவருக்கு டீச்சர் தேவையில்லை.

முதல்ல டூரிஸ்ட் விசால வாங்க, அப்புறம் மாத்திக்கலாம்னு சொல்றாங்களே?

எனக்கும் சொன்னார்கள், போனேன். ஹனோயில் முதல் சென்டர், பெயர் வேண்டாம். பிசினஸ் விசாவில் வரச் சொல்லி, ஒர்க் பெர்மிட் இதோ அதோ என்று நான்கு மாதம் இழுத்தார்கள். நான் விலகுகிறேன் என்றதும் கடைசி மாதச் சம்பளம் வரவில்லை. கேட்டேன். “போலீஸிடம் போங்களேன்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார் மேனேஜர். பெர்மிட் இல்லாமல் வேலை பார்த்தது நான். நான் எப்படிப் போவேன்? எட்டாம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டு, கீழே வந்து ஒரு காபி குடித்துவிட்டு, அடுத்த சென்டருக்குப் போன் பண்ணினேன். அவர்கள் பெர்மிட்டைக் கையில் கொடுத்த பிறகுதான் வகுப்புக்குள் காலை வைத்தேன்.

ஒரு நாள் எப்படி இருக்கும்?

காலை உங்களுடையது. துணி துவைத்து, சமைத்து, மெதுவாகக் கிளம்பலாம். காக்குடோவில் 1 மணிக்கு உள்ளே போனால் அன்றைய விளையாட்டுக்கு வெட்டுவதும் ஒட்டுவதும். இரண்டரைக்கு வேன் வரும். முதுகில் பெட்டி மாதிரிப் புத்தகப் பை, தலையில் மஞ்சள் தொப்பி, வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே “ததைமா!” என்று கத்துவார்கள். வந்துட்டேன் என்று அர்த்தம். உள்ளே இருப்பவர்கள் “ஒகாயெரி” என்று பதில் சொல்ல வேண்டும். நடுவில் நீச்சல் வகுப்புக்குப் போகிற பிள்ளை சொல்வது “இத்தெகிமாசு”. இதன் அர்த்தத்தை முதல் வாரம் ஒருவர் பிரித்துச் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது: போய்விட்டு வருகிறேன். நம்ம ‘போயிட்டு வர்றேன்’ அப்படியே, வார்த்தைக்கு வார்த்தை.

மூன்றரைக்குத் தீனி, நாலு மணிக்கு இங்கிலீஷ், அப்புறம் வீட்டுப்பாடம். அந்த நேரத்துப் பிள்ளை காலையிலிருந்து உட்கார்ந்து களைத்த பிள்ளை என்பதை மறந்தீர்களானால் வகுப்பு கையை விட்டுப் போய்விடும். முதல் பத்து நிமிஷம் நான் உட்கார வைத்ததே இல்லை. ஆறரைக்கு மேல் அம்மாக்கள் வர ஆரம்பிப்பார்கள். கடைசியாக நிற்கும் ஒரே பிள்ளையும் நானும் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

வியட்நாமில் வேலை சாயங்காலம் ஐந்தரை முதல் ஒன்பது, சனி ஞாயிறு முழு நாள். அங்கே பிள்ளைகள் பெண் டீச்சரை ‘கோ’ என்பார்கள். அப்பாவின் தங்கைக்கும் அதே சொல்தான், அதாவது அத்தை. நம்ம ‘மிஸ்’ஸை விட எனக்கு அது பிடித்திருந்தது.

கையில எவ்வளவு நிக்கும்?

சைதாமாவில் எனக்கு மாதம் 2,30,000 யென். ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வரி பிடித்தது போகக் கைக்கு வந்தது 1,88,000. ஒற்றை அறை வாடகை 52,000. சாப்பாடு, கரன்ட், போன், ரயில் எல்லாம் போக வீட்டுக்கு அனுப்ப முடிந்தது 40,000, நல்ல மாதத்தில் 50,000. நான் போனபோது ஒரு யென் 65 பைசா, பிறகு இறங்கிவிட்டது. கணக்கை யென்னில் போடாமல் ரூபாயில் போடுங்கள். ஐ.டி.க்காரத் தம்பியோடு ஒப்பிட்டால் வருத்தம்தான் மிஞ்சும்.

இரண்டு குழிகள். ஜப்பானில் குடியிருப்பு வரி முந்தைய வருட வருமானத்துக்குப் போடுவது. அதனால் முதல் வருடம் வராது, இரண்டாம் வருடம் சம்பளம் குறைந்த மாதிரி இருக்கும். வியட்நாமில் மணிக்கூலி என்றால் டெட் என்ற அவர்களுடைய புத்தாண்டுக்கு சென்டர் மூடும் இரண்டு வாரமும் வருமானம் இல்லை.

ஜப்பானை விட்டு நிரந்தரமாக வந்த பிறகு, கட்டிய ஓய்வூதியத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். 2 வருடத்துக்குள் கேட்க வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் மறந்தேவிட்டார்.

வீடு எடுக்கும்போது ‘ரெய்கின்’ என்று ஒன்று கேட்பார்கள். சென்னை அட்வான்ஸ் மாதிரி திரும்பி வராது, வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் மரியாதைப் பணமாம். அது இல்லாத வீடுகளும் உண்டு, தேடுங்கள்.

இங்க வரி கட்டணுமா?

வேலைக்காகக் கிளம்பும் நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால், வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. பேங்க் கணக்கை என்.ஆர்.ஓ. ஆக, அதாவது வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான கணக்காக மாற்றிவிடுங்கள்.

நாங்க சைவம். சமாளிக்க முடியுமா?

வியட்நாம் சொர்க்கம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம்தான் சாப்பிடுவார்கள். நம்ம அமாவாசை, பௌர்ணமிக் கணக்குதான். ‘சாய்’ என்று பலகை மாட்டிய கடை தெருவுக்குத் தெரு இருக்கும். ஜப்பானில் காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். குக்கர் கொண்டுபோங்கள்.

எனக்கு 38 வயசு, ஒரு பொண்ணு இருக்கா. குடும்பத்தோட போகலாமா?

ஜப்பானில் போகலாம். துணைவருக்குக் குடும்ப விசா கிடைக்கும். தனியே அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம் வேலையும் பார்க்கலாம். ஆனால் மேலே சொன்ன சம்பளத்தில் மூன்று பேர் என்பது இழுத்துப் பிடித்துத்தான். உங்கள் வேலை நேரம் சரியாக உங்கள் மகள் ஸ்கூல் விட்டு வரும் நேரம் என்பதையும் யோசியுங்கள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்க்கும்போது தன் பிள்ளை எங்கே இருக்கும்?

போகாமலே, வீட்டிலிருந்து ஆன்லைன்ல எடுக்க முடியாதா?

முடியும். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். அவர்களுடைய மாலை 5 முதல் 8 என்பது நமக்கு மதியம் ஒன்றரை முதல் நாலரை. மதியச் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து, நம்ம ஊர் டியூஷன் பிள்ளைகள் வருவதற்குள் எழுந்துவிடலாம். காசு குறைவு, பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் அந்தச் சந்தையை நன்றாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

திரும்பி வந்தா இந்த அனுபவம் இங்க எடுபடுமா?

ஸ்கூல் வேலைக்குப் பெரிதாக எடுபடாது, பி.எட். எங்கே என்பார்கள். டியூஷனுக்கு வேறு கதை. வந்த முதல் மாதம், ‘ஜப்பானில் கற்பித்தவர்’ என்று தம்பி ஒரு நோட்டீஸ் அடித்து கேட்டில் ஒட்டினான். நான்கு அம்மாக்கள் வந்தார்கள். முதலாமவர் மாடிப்படி ஏறி, தகரக் கொட்டகையை ஒரு முறை சுற்றிப் பார்த்து, “ஜப்பான் எல்லாம் இருக்கட்டும் மிஸ், சமச்சீர் எடுப்பீங்களா, சி.பி.எஸ்.இ.யா?” என்று கேட்டார். இரண்டும் என்றேன். இப்போது பத்தொன்பது பிள்ளைகள். மாடிக்கு வந்ததும் “ததைமா!” என்றுதான் கத்துகிறார்கள், கீழ் வீட்டு மாமி மட்டும் அது என்ன கெட்ட வார்த்தை என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.